கையொப்பம் இல்லாத அந்தி: ஒரு வான்கோ ஓவியம் மறுக்கப்பட்டதும் ஏற்கப்பட்டதும்

ஆய்வின் பொருள்

1991-ஆம் ஆண்டு ஓர் உரிமையாளர், தம்மிடம் இருந்த நிலக்காட்சி ஓவியம் ஒன்றைப் பற்றிக் கருத்துக் கேட்டு ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தை அணுகினார். அது வான்கோ வரைந்ததன்று என்று பதில் வந்தது. 2013 செப்டம்பர் 9 அன்று அதே அருங்காட்சியகம் அதே ஓவியத்தைச் செய்தியாளர்கள் முன்னிலையில் திரைவிலக்கிக் காட்டி, அது வின்சென்ட் வான்கோவின் கைவேலையே என்று அறிவித்தது. ‘மோன்மஜூரில் சூரிய அஸ்தமனம்’ என்று இன்று அறியப்படும் ஓவியம் அது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் ஓவியத்தில் ஒரு கோடுகூடக் கூடவில்லை. அப்படியிருக்க, விடை ஏன் தலைகீழானது என்பதைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓவியத்தை வைத்திருந்தவர்கள், அதைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள், ஆராய்ந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். 2013-இல் அது யாருடைய உடைமையாக இருந்தது என்பதை அருங்காட்சியகமும் வெளியிடவில்லை. யார் தவறினார்கள் என்பதைவிட எந்தப் படியில் தவறு நேர்ந்தது என்பதே நமக்குப் பயன்படும்.

பின்னணி: 1888 ஜூலை, ஆர்ல்

நெதர்லாந்தின் பிரபாந்த் பகுதியில் 1853-இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்த வான்கோ, ஓவியனாவது என்று முடிவெடுத்தபோது அவருக்கு வயது 27. அதன்பின் அவர் வாழ்ந்தது பத்தே ஆண்டுகள். 1888 பிப்ரவரியில் பாரிஸை விட்டுத் தெற்கு பிரான்சிலுள்ள ஆர்ல் நகருக்கு வந்து சேர்ந்தார். பாரிஸில் கலை வணிகராக இருந்த தம்பி தியோ பணமும் வண்ணக் குழாய்களும் கித்தான் சுருள்களும் அனுப்புவார். அண்ணன் வரைந்து முடித்த ஓவியங்களைக் கட்டித் தம்பிக்கு அனுப்புவார். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒட்டி எழுந்ததுதான் அவர்களுடைய நெடிய கடிதப் போக்குவரத்து. இன்று என்ன அனுப்புகிறேன், எது தேறியது, எது தேறவில்லை, இன்னும் எவ்வளவு கித்தான் வேண்டும் என்ற கணக்குகள் அக்கடிதங்களில் நிறைந்து கிடக்கின்றன.

ஆர்லுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், சமவெளியிலிருந்து எழும் பாறைக் குன்றின்மேல் மோன்மஜூர் என்னும் பழைய மடாலயத்தின் இடிபாடு நிற்கிறது. அந்தக் காட்சிக்காகவே ஐம்பது தடவையாவது அங்கே போயிருப்பேன் என்று அந்த ஜூலையில் வான்கோ எழுதினார். மிஸ்ட்ரல் என்னும் அப்பகுதியின் கடுமையான வடகாற்று கித்தானைப் பிய்த்தெறியப் பார்க்கும் நாட்களில் நாணல் பேனாவால் பெரிய தாள்களில் அதே இடத்தைக் கோட்டோவியமாக வரைந்தார். அந்தக் கோட்டோவியங்கள் இன்று அவருடைய தலைசிறந்த ஆக்கங்களில் வைத்து எண்ணப்படுகின்றன.

ஜூலை 5-ஐ ஒட்டித் தியோவுக்கு எழுதிய கடிதத்தில் முந்தின நாள் மாலையை அவர் விவரிக்கிறார். கல்லும் கரடுமான மேட்டு நிலம், முறுக்கிக்கொண்டு வளர்ந்த குட்டையான ஓக் மரங்கள், பின்னே குன்றின்மேல் ஓர் இடிபாடு, பள்ளத்தாக்கில் கோதுமை வயல்கள். சூரியன் தன் மஞ்சள் கதிர்களைப் புதர்மீதும் தரைமீதும் பொன்மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது என்கிறார். மார்சேய் நகரத்து ஓவியர் மோன்டிசெல்லியின் ஓவியம் போலவே இருந்தது என்றும், வல்லூறு வேட்டை முடித்து வீரர்களும் சீமாட்டிகளும் அந்த வழியே திரும்பி வந்திருந்தால்கூட வியப்பாக இருந்திராது என்றும் எழுதுகிறார். பிறகு, அங்கிருந்து ஒரு வரைவைக் கொண்டுவந்ததாகவும், தாம் செய்ய நினைத்ததற்கு அது வெகு கீழே நின்றுவிட்டதாகவும் சொல்லி முடிக்கிறார்.

இந்த நிகழ்வின் முடிச்சு அந்தக் கடைசிச் செய்தியில் இருக்கிறது. வான்கோ எல்லா ஓவியங்களிலும் கையொப்பம் இடுபவர் அல்லர். இட்ட இடங்களிலும் ‘வின்சென்ட்’ என்று மட்டுமே எழுதுவார். குடும்பப் பெயரைப் பிரெஞ்சுக்காரர்களால் உச்சரிக்க முடியாது என்பதே காரணம் என்று தம்பிக்கு எழுதியிருக்கிறார். (தமிழிலும் வான்கோ, வான்கா, வான்காக் என்று நாம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.) தமக்கு நிறைவளிக்காத வரைவுகளைக் கையொப்பமின்றியே விட்டுவிடுவது அவரிடம் சாதாரணம். அன்றைய மாலையின் வரைவும் அப்படியே கையொப்பமின்றிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தது.

கைமாறிய வழி: 1890 முதல் 1908 வரை

1890 ஜூலை 29 அன்று வான்கோ இறந்தார். ஆறு மாதத்தில் தியோவும் இறந்தார். ஓவியங்கள் தியோவின் மனைவி ஜோவின் பொறுப்புக்கு வந்தன. 1890-இன் இறுதியில், ஜோவின் அண்ணன் பாரிஸ் வீட்டிலிருந்த ஓவியங்களை எண்ணிட்டுப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் 180-ஆம் எண்ணுக்கு எதிரே ஆர்லில் சூரிய அஸ்தமனம் என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுத் தலைப்பு இருக்கிறது. கித்தானின் பின்புறத்திலும் அதே 180 என்ற எண் குறிக்கப்பட்டது. சொத்துக் கணக்குக்காகச் செய்த இந்தச் சின்ன வேலைதான் நூற்றாண்டு கழித்துச் சாட்சி சொல்லப் போகிறது.

1901-இல் ஓவியம் விற்கப்பட்டது. 1908-இல் நார்வே நாட்டுத் தொழிலதிபர் ஒருவர் அதை வாங்கினார். கலைச் சேகரிப்பில் அப்போதுதான் இறங்கியிருந்த அவருக்கு அது தொடக்க காலக் கொள்முதல்களில் ஒன்று.

பரணுக்குப் போன ஓவியம்

வாங்கிய சிறிது காலத்திலேயே, வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது வான்கோ அல்ல, போலி என்று சொன்னதாகக் குடும்பத்தார் வழிவந்த செய்தி கூறுகிறது. தொழிலதிபர் ஓவியத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். பிற்காலத்தில் பெரிய சேகரிப்பாளராக அறியப்பட்ட அவர், 1970-இல் இறக்கும்வரை அதைத் திரும்பச் சுவரில் மாட்டவில்லை. வாங்கிய விலையையோ விற்றவரையோ அவர் மீண்டும் விசாரித்ததாகத் தெரியவில்லை. சேகரிப்பாளனுக்கு ஏமாந்துவிட்டோம் என்ற நினைப்பைவிட, ஏமாந்தது பிறர் கண்ணில் படுவதுதான் அதிகம் உறுத்தும். அந்த மனநிலையில் பரண் வசதியான இடம்.

இந்த முடிவின் விளைவு அந்த வீட்டோடு நிற்கவில்லை. 1928-இல் வான்கோவின் ஓவியங்கள் முழுவதையும் தொகுத்த முதல் பெரும்பட்டியல் வெளிவந்தது. பரணில் கிடந்த ஓவியம் அதில் இடம்பெறவில்லை. அதே சமயம், பெர்லின் வணிகர் ஒருவர் விற்ற சுமார் 30 போலி ஓவியங்கள் அதே பட்டியலில் நுழைந்திருந்தன. அந்த மோசடி வெளிப்பட்டு, 1932-இல் வழக்கு நடந்து அவர் தண்டனை பெற்றார். உண்மையான ஓவியம் வெளியே, போலிகள் உள்ளே என்ற இந்த நிலைமையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வந்த வல்லுநர்களின் எச்சரிக்கை புரியும். பெர்லின் விவகாரத்துக்குப் பிறகு, பட்டியலில் இல்லாத, கையொப்பமற்ற வான்கோ என்று ஒன்று வந்து நின்றால் முதலில் எழுவது சந்தேகமே. பட்டியலில் ஏன் இல்லை என்றால் பரணில் இருந்ததால். பரணில் ஏன் இருந்தது என்றால் யாரோ சந்தேகப்பட்டதால். ஒரு சந்தேகம் அடுத்த சந்தேகத்துக்குச் சான்றாக மாறியதை இங்கே காண்கிறோம்.

தொழிலதிபரின் மறைவுக்குப் பிறகு சேகரிப்பை மதிப்பிட்ட வணிகர் ஒருவரும் இது வான்கோ அல்ல என்றே கருதினார். வேறு யாரோ சிறிய ஓவியர் வரைந்ததாக இருக்கலாம் என்றார்.

1991: மறுப்பு

வான்கோ அருங்காட்சியகம் 1973-இல் திறக்கப்பட்டது. ஓவியங்களோடு கடிதங்களும் குடும்ப ஆவணங்களும் சேர்ந்திருக்கும் இடம் அது. ஆகவே 1991-இல் உரிமையாளர் சரியான வாசலைத்தான் தட்டினார். பதில் மறுப்பாக வந்தது. ஓவியத்தில் கையொப்பம் இல்லாததை அதற்குரிய முக்கியக் காரணமாகப் பின்னாளில் கூறினார்கள்.

நேர்மையாகப் பார்த்தால், அந்த மறுப்பைக் கவனக்குறைவு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஓவியத்தைப் பார்ப்பவருக்கு அது உடனே தன்னை வான்கோ என்று அறிவிப்பதில்லை. நாம் மனத்தில் வைத்திருக்கும் ஆர்ல் கால வான்கோ தெளிவான, தட்டையான வண்ணப் பரப்புகளை அருகருகே வைப்பவர். இங்கோ புதர்கள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிய தடித்த வண்ணத்தால் ஆனவை. மோன்டிசெல்லியை நினைத்துக்கொண்டு வரைந்ததன் தடயம் அது. சில பகுதிகள் தடுமாற்றத்தோடு நிற்கின்றன.

தவறான ஏற்பும் தவறான மறுப்பும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். போலியை உண்மை என்று ஓர் அருங்காட்சியகம் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லே விலைச்சீட்டாகிச் சந்தையில் சுற்றும். திரும்பப் பெறுவது பெரும்பாடு. மறுப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபரிசீலனை செய்யலாம். ஏட்டளவில் இது சரி. நடைமுறையில், பெரிய நிறுவனம் ஒன்று ‘இல்லை’ என்று சொன்ன பிறகு அந்தப் பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 20 ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

என் கணிப்பில், 1991-இன் குறை ‘இல்லை’ என்று சொன்னதில் அல்ல, எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது. ‘இதில் கையொப்பம் இருக்கிறதா’ என்பது எந்த ஓவியருக்கும் பொருந்தும் பொதுக் கேள்வி. ‘இந்த ஓவியர் எந்த நிலையில் கையொப்பம் இடாமல் விடுவார், அப்படி விட்டதாக எங்கேனும் எழுதியிருக்கிறாரா’ என்று கேட்டிருந்தால், விடை அதே கட்டடத்தில் இருந்த கடிதங்களுக்கு இட்டுச் சென்றிருக்கும். அக்கடிதங்கள் 1914 முதலே அச்சில் இருந்தவை.

2011 முதல் 2013 வரை: மறுபரிசீலனை

2011-இல் ஓவியம் மீண்டும் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இம்முறை முழு ஆய்வு மேற்கொள்வது என்று முடிவாயிற்று. இரண்டு காரணங்கள் அதற்குச் சாதகமாக இருந்திருக்கவேண்டும். 1994-இல் தொடங்கி 15 ஆண்டுகள் உழைத்து, வான்கோ கடிதங்களின் முழுமையான விளக்கப் பதிப்பை 2009-இல் இணையத்திலும் அச்சிலும் கொண்டுவந்திருந்தார்கள். எந்தக் கடிதம் எந்த நாளில் எந்த ஓவியத்தைச் சுட்டுகிறது என்பதைத் தேடுவது முன்னெப்போதையும்விட எளிதாகியிருந்தது. அதோடு, வான்கோ பயன்படுத்திய பொருட்களையும் வேலை முறையையும் பற்றிய நெடுங்கால ஆய்வு ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய அளவீடுகள் 1991-இல் இல்லாத அளவுக்குக் கையில் இருந்தன.

கலை வரலாற்று ஆய்வாளர்களும் ஓவியப் பாதுகாப்பு நிபுணரும் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார்கள்.

கித்தானை முதலில் எடுத்துக்கொள்வோம். அக்காலக் கித்தான்களின் அடிப்பூச்சில் பெரும்பாலும் ஈய வெள்ளை இருக்கும். பூச்சு நூலிழைகளுக்கு இடையே இறங்கி உறைந்திருப்பதால், எக்ஸ்ரே படம் எடுக்கும்போது ஈயம் கதிரைத் தடுத்து, நெசவின் அச்சு ஊடும் பாவுமாகத் தெளிவாக விழும். மேலே எவ்வளவு வண்ணம் அப்பியிருந்தாலும் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்று எண்ணிவிடலாம். வான்கோவின் கித்தான்கள் தியோ மூலம் பாரிஸ் கடையிலிருந்து சுருளாக வந்தவை என்பதால், ஒரே காலத்து ஓவியங்கள் ஒரே வகைத் துணியில் அமைவது இயல்பு. மோன்மஜூர் ஓவியத்தின் கித்தானும் அடிப்பூச்சும், இன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள, அதே கோடையில் வரைந்த ‘பாறைகள்’ என்னும் ஓவியத்தோடு வகையால் பொருந்தின. ஓவியத்தின் அளவு 93.3 செ.மீ. அகலம், 73.3 செ.மீ. உயரம், கடைகளில் அளவுக்கு எண்ணிட்டு விற்ற கித்தான்களில், அவர் பெரிய முயற்சிகளுக்கு விரும்பி எடுத்த 30-ஆம் எண்ணின் அளவு அது. போகிற போக்கில் தீட்டிய துண்டு வரைவுக்கு இவ்வளவு துணி செலவழிக்கமாட்டார்கள். தேறவில்லை என்று எழுதியவர் தொடங்கும்போது பெரிதாகவே எண்ணியிருக்கிறார்.

வண்ணப் பொருட்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஆர்லில் அவர் கைவசம் இருந்த வண்ணங்களோடு அவை ஒத்துப்போயின. காலப்போக்கில் நிறம் மாறியிருந்த விதமும் அவருடைய பிற ஓவியங்களில் கண்டதைப் போலவே இருந்தது. போலி செய்பவர் நிறத்தை நகல் எடுக்கலாம். ஆனால் ஒரே வண்ணங்கள் நூறாண்டுக்குப் பிறகு ஒரே விதமாக நிறம் மாறவேண்டும் என்று திட்டமிடுவது கடினம்.

பிறகு இடம். ஓவியத்தின் இடது மேற்பகுதியில் தெரியும் இடிபாட்டையும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு, ஓவியர் எங்கே நின்றிருக்கவேண்டும் என்பதை மோன்மஜூர் பகுதியில் அடையாளம் காண முடிந்தது. கடிதத்தில் வரும் ஓக் மரங்கள், இடிபாடு, வயல்கள், மறையும் சூரியனின் மஞ்சள் என எல்லாம் கித்தானில் இருந்தன. கடிதத்தின் நாளைக் கொண்டு ஓவியத்தின் நாளையும் சொல்ல முடிந்தது: 1888 ஜூலை 4, மாலை.

இங்கே ஒரு தடையைச் சந்தித்தாகவேண்டும். கடிதம் அச்சில் இருப்பதால், அதைப் படித்துவிட்டு அதற்கேற்ப ஒரு போலியை வரைந்திருக்கலாமே? காணாமற்போன ஓவியத்தைப் பற்றிய விவரணை மோசடிக்காரனுக்குத் தங்கச் சுரங்கம் அல்லவா? ஆகவே கடிதத்தோடு பொருந்துவது மட்டுமே போதாது. தனியாக நின்றால் அது சந்தேகத்தைக்கூடக் கூட்டலாம். அந்த ஓட்டையை அடைத்தது பின்புறத்து எண். 180 என்ற அந்த எண் 1890-இன் குடும்பப் பட்டியலோடு ஒத்துப்போயிற்று. அங்கிருந்து 1901 விற்பனை, 1908 நார்வே என்று தடம் தொடர்ந்தது. சில பகுதிகள் முன்னரே இதழ்களில் வந்திருந்தாலும், தியோவுக்கு எழுதிய கடிதங்களின் பெருந்தொகுப்பை ஜோ வெளியிட்டது 1914-இல்தான். அந்த ஆண்டு இந்த ஓவியம் நார்வேயில் இருந்தது. என்னைக் கேட்டால், நவீனக் கருவிகள் தந்த எந்தச் சான்றையும்விட, 1890-இல் ஒருவர் சொத்துக் கணக்குக்காக இட்ட அந்த மூன்று இலக்கங்களே கனமானவை.

அறிவிப்பும் பின்விளைவும்

2013 செப்டம்பரில் அறிவிப்பு வெளியானது. 1928-க்குப் பிறகு முழு அளவிலான வான்கோ ஓவியம் ஒன்று புதிதாகக் கண்டறியப்பட்டது இதுவே முதல்முறை என்று அருங்காட்சியகம் சொன்னது. முன்பு தாங்களே மறுத்ததையும் அது மறைக்கவில்லை. ஆய்வாளர்கள் தங்கள் சான்றுகளை ‘பர்லிங்டன் மேகசின்’ என்னும் கலை வரலாற்று இதழில் முழுக் கட்டுரையாக வெளியிட்டு, மற்றவர்கள் சரிபார்க்க வழிசெய்தார்கள். செய்தியாளர் கூட்டத்தைக் காட்டிலும் இந்த இரண்டாவது செயலே முக்கியமானது. செப்டம்பர் 24 முதல், வான்கோவின் வேலை முறையைப் பற்றி அப்போது நடந்துகொண்டிருந்த கண்காட்சியில் ஓவியம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

கலை வரலாற்றிலும் ஒரு சிறு திருத்தம் ஏற்பட்டது. 1888 கோடையில் வான்கோ மெல்ல மெல்லத் தடித்த வண்ணத்துக்கும் அடுக்கடுக்கான தீட்டலுக்கும் நகர்ந்துகொண்டிருந்ததற்கு இந்த ஓவியம் ஓர் இடைநிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1991-இல் ‘அவரைப் போல் இல்லை’ என்று தோன்றியிருக்கக்கூடிய அதே தன்மை, 2013-இல் அதன் சிறப்பாயிற்று.

மாற்றிச் செய்திருக்கவேண்டியவை

சேகரிப்பாளர் தரப்பில் தொடங்கினால், 1908-இல் ஒரு விருந்தினரின் வாய்ச்சொல்லை ஏற்று ஓவியத்தை ஒதுக்கும் முன், கித்தானைத் திருப்பிப் பார்த்து அந்த எண்ணை ஜோவிடம் எழுதிக் கேட்டிருக்கலாம். ஜோ 1925 வரை உயிருடன் இருந்தார். கணக்கு வைப்பதில் மிகக் கறாரானவர். ஒரு தபால் தலையின் செலவில் முடிந்திருக்கக்கூடிய வேலை 105 ஆண்டுகளுக்கு நீண்டது.

நிறுவனத் தரப்பில், ஆம், இல்லை என்ற இரண்டோடு ‘இப்போது தீர்மானிக்க இயலவில்லை’ என்ற மூன்றாவது விடையும் இருந்திருக்கவேண்டும். மறுப்புக் கடிதம் எந்தச் சோதனைகளின் அடிப்படையில் எழுதப்பட்டது, எவை செய்யப்படவில்லை என்பதை அதிலேயே குறித்துவிட்டால், பின்னால் புதிய பதிப்போ கருவியோ வரும்போது எந்தக் கோப்புகளைத் திரும்ப எடுக்கவேண்டும் என்பது தானாகத் தெரியும். இங்கே மறுபரிசீலனை நடந்தது உரிமைத் தரப்பு இரண்டாம் முறையும் வந்ததால்தான். நிறுவனம் தன் பழைய மறுப்புகளைத் தானே துழாவியதால் அல்ல.

இதை எழுதும்போதே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கவேண்டியிருக்கிறது. இத்தகைய செய்தி வெளிவந்தால் பரணில் பழைய படம் வைத்திருக்கும் எல்லோருக்கும் நம்பிக்கை பிறக்கும். வான்கோ என்று நம்பி அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை வான்கோ அல்ல. மோன்மஜூர் ஓவியத்தில் கித்தான், வண்ணம், இடம், கடிதம், பட்டியல் எண் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று சாராமல் ஒரே திசையைக் காட்டின. அவற்றில் இரண்டு பொய்த்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கும். வேறாகத்தான் இருந்திருக்கவும் வேண்டும்.

இன்னொன்று, ஓவியம் உண்மையானது என்பதால் அதன் குறைகள் மறைந்துவிடவில்லை. விலை ஏறியதும் எல்லாத் தூரிகைத் தடமும் மேதைமையாகத் தெரியத் தொடங்குவது கலை உலகின் பழைய வியாதி. வான்கோ அன்று மாலை கண்டதற்கும் அவர் கை செய்ததற்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அதை அவரே மறுநாள் எழுதிவைத்தார். இனி வரும் பட்டியல்களில் இந்த ஓவியத்துக்கான பதிவில் நாள், அளவு, எண் ஆகியவற்றோடு அந்த அதிருப்தியும் ஒரு வரியாக இடம்பெறவேண்டும். கையொப்பம் ஏன் இல்லை என்பதற்கான விளக்கமும் அதுதான்.